வாக்கியம் வளையட்டும், பெயர் நிமிர்ந்து நிற்கட்டும்



ஜப்பானியக் குடும்பப் பெயர் ஒன்று ஆங்கில வாக்கியத்துக்குள் போகும்போது அதற்கு என்ன ஆகிறது? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதற்கு ஒரு கூட்டமா, இலக்கண வகுப்பில் பத்து நிமிடத்தில் முடிகிற சங்கதியல்லவா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இதற்குள் ஒரு நாட்டின் 150 ஆண்டு வரலாறு இருக்கிறது. அரசின் முடிவு இருக்கிறது. நம் ஊர் மருத்துவர் எழுதித் தரும் சீட்டு இருக்கிறது. நீதிமன்றம் வரை போன பெண்களின் வழக்கு இருக்கிறது. இத்தனையையும் பார்த்துவிட்டு நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒருவருடைய பெயர் வேற்று மொழிக்குள் நுழையும்போது அதை எப்படி எழுதுவது, எந்த வரிசையில் எழுதுவது, எந்தப் பகுதியைச் சொல்லி அழைப்பது என்று முடிவு செய்யும் உரிமை அந்தப் பெயருக்கு உரியவருடையது. வாக்கியம்தான் வளைந்துகொடுக்க வேண்டும். பெயர் வளைய வேண்டியதில்லை.

ஒரே ஒரு பெயரைக் கையில் எடுத்துக்கொள்வோம். சுசுகி. ஜப்பானில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் சாட்டோ. அதற்கு அடுத்த இடம் சுசுகிக்கு. உங்களில் எத்தனையோ பேர் இன்று அந்தப் பெயரைத் தாங்கிய வண்டியில்தான் இந்த அரங்குக்கு வந்திருப்பீர்கள். ஆனால் ஆங்கிலம் படிப்பவருக்குச் சுசுகி என்றால் யார்? அல்லது, என்ன?

முதல் வாக்கியம்: ‘ஹீ பாட் எ சுசுகி.’ அவர் ஒரு சுசுகி வாங்கினார். பெயருக்கு முன்னால் ‘எ’ என்ற ஒற்றை எழுத்து வந்து உட்கார்ந்ததுமே ஆள் மறைந்துவிட்டார், பொருள் வந்துவிட்டது. இரண்டு வாங்கினால் பன்மை விகுதியும் சேர்ந்துகொள்ளும். மிச்சியோ சுசுகி என்ற மனிதர் 1909-இல் ஹமமட்சு நகரில் நெசவுத் தறி செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். கார் பிறகு வந்தது, தறிதான் முதலில். நம் ஓசூரிலிருந்துகூட ஒரு காலத்தில் டிவிஎஸ் சுசுகி என்ற பெயரோடு பைக்குகள் வந்தன. அந்த வண்டியில் ஏறி ஊர் சுற்றிய எத்தனை பேருக்கு அது ஒரு தறிக்காரரின் குடும்பப் பெயர் என்று தெரிந்திருக்கும்?

இரண்டாவது வாக்கியம்: ‘ஷீ இஸ் எ சுசுகி டீச்சர்.’ இங்கே சுசுகி ஆசிரியரின் பெயர் இல்லை, அது ஒரு பெயரடை. வயலின் கற்பிக்கும் ஒரு முறையைக் குறிக்கிறது. ஷினிச்சி சுசுகி 1898-இல் நகோயாவில் பிறந்தவர். அவருடைய தந்தை வயலின் தயாரிக்கும் தொழிற்சாலை நடத்தியவர். உலகில் எந்தக் குழந்தையும் தன் தாய்மொழியைச் சிரமமில்லாமல் பேசக் கற்றுக்கொள்கிறதே, அதே வழியில் இசையையும் கற்றுக்கொள்ள முடியாதா என்று அவர் கேட்டார். முதலில் கேள், கேட்டதைத் திரும்பத் திரும்பச் செய், பெற்றோரும் கூடவே இருக்கட்டும், குறியீடு வாசிப்பது பிறகு வரட்டும் என்றார். போர் முடிந்த பின் மட்சுமோட்டோ நகரில் அவர் தொடங்கிய பயிற்சி, இன்று ‘சுசுகி மெதட்’ என்ற பெயரில் பல நாடுகளில் நடக்கிறது.

மூன்றாவது வாக்கியத்தை வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கேட்கலாம்: ‘வீ டிட் எ சுசுகி.’ நாங்கள் ஒரு சுசுகி செய்தோம்! வாங்கவும் இல்லை, வாசிக்கவும் இல்லை, செய்தார்களாம். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் அகிரா சுசுகி, 1979-இல் நொரியோ மியௌராவுடன் சேர்ந்து வெளியிட்ட வேதிவினை அது. போரான் சேர்ந்த ஒரு மூலக்கூறையும் வேறொரு மூலக்கூறையும் பல்லேடியத்தின் துணையால் கார்பனோடு கார்பனாக இணைக்கும் வழி. மருந்துத் தயாரிப்பில் அது இன்றியமையாத முறையாகிவிட்டது. 2010-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இன்னும் கேளுங்கள். ஜென் பௌத்தத்தை மேலை நாடுகளுக்கு ஆங்கிலத்திலேயே எழுதிச் சொன்ன டி. டி. சுசுகி ஒருவர். சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜென் மையம் அமைத்த ஷுன்ர்யூ சுசுகி இன்னொருவர். இருவரும் உறவினர் அல்லர். ஒரு காலத்தில் ஜப்பானின் பிரதமராக இருந்தவர் ஜென்கோ சுசுகி. ஆங்கிலப் புத்தகத்தில் ‘சுசுகி சொல்கிறார்’ என்று ஒரு வரி வந்தால், எந்தச் சுசுகி?

இந்தக் கேள்வியைப் பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவர் தன் வழியில் தீர்த்தார். இச்சிரோ சுசுகி. ஓரிக்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்தபோது 1994-இல் தன் பதிவுப் பெயரை ‘இச்சிரோ’ என்று மட்டும் வைத்துக்கொண்டார். ஊரில் சுசுகிகள் ஏராளம், இச்சிரோ ஒருவர்தான் என்று ஆகிவிட்டது. 2001-இல் அமெரிக்காவின் சியாட்டில் அணிக்குப் போனார். சக வீரர்களின் முதுகில் குடும்பப் பெயர், அவர் முதுகில் மட்டும் ‘இச்சிரோ’. 2025-இல் அமெரிக்க பேஸ்பாலின் புகழ்க் கூடத்தில் இடம் பெற்ற முதல் ஜப்பானிய வீரரும் அவர்தான். ஆங்கில நாளிதழ்கள் என்ன செய்தன? அவர் எப்படி அழைக்கச் சொன்னாரோ அப்படியே பலவும் அழைத்தன. ஆக, வாக்கியத்தால் வளைந்துகொடுக்க முடியும். முடியாது என்று யாராவது சொன்னால் இச்சிரோவைக் காட்டுங்கள்.

ஆனால் வளையாத வாக்கியங்களும் உண்டே! அமெரிக்க எழுத்தாளர் ஜான் லூதர் லாங் 1898-இல் ‘மேடம் பட்டர்ஃப்ளை’ என்று ஒரு கதை எழுதினார். அதில் நாகசாகி நகரத்துப் பெண் ஒருத்தி, அவளுக்கு ஒரு பணிப்பெண். அந்தப் பணிப்பெண்ணின் பெயர் என்ன தெரியுமா? சுசுகி. அதை அவளுடைய சொந்தப் பெயர்போலவே எழுதினார் லாங். வீட்டிலே எசமானி தன் பணிப்பெண்ணைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாளா? அந்தக் கதை நாடகமாயிற்று. 1904-இல் புச்சினியின் இசை நாடகமாயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகத்தின் பெரிய அரங்குகளிலெல்லாம் அந்தப் பெண் சுசுகி என்றே அழைக்கப்படுகிறாள். அவளுக்கென்று ஒரு பெயர் கடைசிவரை இல்லை. கேட்காமல் எழுதிய ஒரு பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நண்பர்களே, இப்போது வரிசைக்கு வருவோம். ஜப்பானியர் தம் மொழியில் குடும்பப் பெயரை முன்னால் வைத்து, சொந்தப் பெயரைப் பின்னால் சொல்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் சட்டப்படி குடும்பப் பெயர் வந்ததே அண்மைக் காலத்தில்தான். பொதுமக்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று அப்போது நாட்டை ஆண்ட மெய்ஜி அரசு 1870-இல் அனுமதித்தது. 1875-இல் எல்லோரும் வைத்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டது. பேரரசர் குடும்பத்துக்கு மட்டும் இன்றுவரை குடும்பப் பெயர் கிடையாது. அதனால்தான் ஆங்கிலச் செய்தியிலும் பேரரசர் வெறும் நருஹிட்டோ.

அதே மெய்ஜி காலத்தில் இன்னொன்றும் நடந்தது. மேலை நாடுகளோடு செய்துகொண்ட சமமில்லாத ஒப்பந்தங்களிலிருந்து விடுபட வேண்டும், அந்த நாடுகளின் அவையில் சரிசமமாக உட்கார வேண்டும் என்ற துடிப்பு ஜப்பானுக்கு இருந்தது. உடை மாறியது, உணவு மாறியது, நாள்காட்டி மாறியது. ஆங்கிலத்தில் எழுதும்போது பெயரின் வரிசையும் மாறியது. சொந்தப் பெயர் முன்னால் வந்தது, குடும்பப் பெயர் பின்னால் போனது. மாற்றியவர்கள் பெரும்பாலும் ஜப்பானியரேதான். ஆனால் அவர்களை மாற்றத் தூண்டியது எது? நீ எங்களைப் போல இருந்தால்தான் உன்னை மதிப்போம் என்ற அந்தக் காலத்து உலக ஒழுங்கு அல்லவா?

அந்தத் தலைமுறையின் தடுமாற்றத்தைப் புத்தக அட்டைகளிலேயே பார்க்கலாம். ‘புஷிடோ’ என்ற ஆங்கில நூலை எழுதிய நிட்டோபே, அட்டையில் இனாசோ நிட்டோபே என்று வரிசையை மாற்றிப் போட்டுக்கொண்டார். அதோடு, கடைசி எழுத்தை ஆங்கிலேயர் விழுங்கிவிடாதபடி அதன் தலையில் பிரெஞ்சுக்காரர் பாணியில் ஒரு சிறு கோடும் போட்டார். ஓககுரா காகுசோ இன்னும் விசித்திரம். 1903-இல் லண்டனில் வந்த ‘கீழை நாட்டின் இலட்சியங்கள்’ நூலில் சொந்தப் பெயர் முன்னால், அதுவும் காகசு என்று எழுத்து மாறி அச்சாகியிருந்தது. 1906-இல் வந்த ‘தேநீர் நூல்’ அட்டையிலோ ஓககுரா முன்னால், காகுசோ பின்னால். ஒரே மனிதர், மூன்றே ஆண்டு இடைவெளி, இரண்டு வரிசை. ஆங்கிலம் படிக்கும் ஒருவர் இதில் எது குடும்பப் பெயர் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். சீனர்களும் குடும்பப் பெயரை முன்னால் சொல்பவர்கள்தான். கொரியர்களும் அப்படித்தான். ஆங்கிலச் செய்தித்தாள்கள் ஷி ஜின்பிங் என்று அவர்கள் வரிசையிலேயே எழுதுகின்றன. மூன் ஜே-இன் என்றும் அவர்கள் வரிசையிலேயே எழுதுகின்றன. மாவோ சேதுங்கை யாரும் சேதுங் மாவோ என்று எழுதியதில்லை. பிறகு ஜப்பானியருக்கு மட்டும் ஏன் தலைகீழ் வரிசை?

இதே கேள்வியைத்தான் 2019 மே மாதத்தில் ஜப்பானின் வெளியுறவு அமைச்சர் கோனோ தாரோ உலக ஊடகங்களின் முன் வைத்தார். ரெய்வா என்ற புதிய சகாப்தம் அப்போதுதான் பிறந்திருந்தது. அடுத்த மாதம் ஒசாகாவில் ஜி-20 மாநாடு. எங்கள் பிரதமரை அபே ஷின்ஸோ என்று எங்கள் வரிசையில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இது திடீரென்று முளைத்த கோரிக்கையும் அல்ல. தேசிய மொழிக் குழு 2000-ஆம் ஆண்டிலேயே இதைப் பரிந்துரைத்திருந்தது. 2019 அக்டோபரில் அரசு முடிவெடுத்தது. 2020 ஜனவரி 1 முதல் ஜப்பானிய அரசின் ஆங்கில ஆவணங்களில் குடும்பப் பெயர்தான் முன்னால் நிற்கிறது. குழப்பம் வராமலிருக்க, குடும்பப் பெயரை முழுவதும் பெரிய எழுத்துகளில் எழுதலாம் என்ற வழியையும் சேர்த்துக்கொண்டார்கள்.

உலகம் கேட்டதா? ஜப்பானிய வரலாறும் இலக்கியமும் எழுதும் ஆங்கில ஆய்வாளர்கள் பலர் நெடுங்காலமாகவே ஜப்பானிய வரிசையைத்தான் பின்பற்றி வருகிறார்கள். பழைய ஜப்பானின் ஆட்சியாளர் டோகுகாவா இயெயாசுவை யாரும் தலைகீழாக்கி எழுதுவதில்லை. ஆனால் 2022 ஜூலையில் அபே சுட்டுக் கொல்லப்பட்டபோது, பெரும்பாலான ஆங்கிலத் தலைப்புகளில் ஷின்ஸோ அபே என்றுதான் இருந்தது. பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விடுமா? அதனால் என்ன, பழக்கத்தை மாற்றத்தானே கோரிக்கை வைக்கிறோம்!

வரிசை சரியாகிவிட்டால் போதுமா? போதாது. எந்தப் பகுதியைத் தனியாகச் சொல்வது என்பது அடுத்த சிக்கல். ஆங்கிலக் கட்டுரையின் வழக்கம் எளிமையானது. முதலில் முழுப் பெயர், பிறகெல்லாம் குடும்பப் பெயர். ஆனால் நாவலாசிரியர் நட்சுமே சோசெகியை ஜப்பானியர் சோசெகி என்றுதான் சொல்வார்கள். அது அவர் தேர்ந்துகொண்ட புனைபெயர். கவிஞர் மட்சுவோ பாஷோ எப்போதும் பாஷோதான், மட்சுவோ என்றால் யாருக்கும் புரியாது. டோகுகாவா என்று மட்டும் சொன்னால் அந்த வம்சத்தின் பதினைந்து ஷோகன் ஆட்சியாளர்களில் யாரைச் சொல்கிறோம்? ஆகவே இயெயாசு என்றே சொல்ல வேண்டும். எழுத்தாளர் மிஷிமா யுகியோவின் முழுப் பெயருமே புனைபெயர், ஆனால் அவர் மிஷிமா என்றே அழைக்கப்படுகிறார். ஒரே விதியை எல்லோர் மேலும் போட்டு மூடினால், விதிதான் மிஞ்சும், ஆள் மிஞ்ச மாட்டார்.

துப்பறியும் கதை எழுதிய எடோகாவா ராம்போவை நினைத்துப் பாருங்கள். இயற்பெயர் ஹிராய் தாரோ. அவர் எட்கர் ஆலன் போ என்ற அமெரிக்க எழுத்தாளரின் பெயரை வேகமாகச் சொல்லிப் பார்த்து, அதையே ஜப்பானியக் குடும்பப் பெயரும் சொந்தப் பெயருமாக வெட்டி அமைத்துக்கொண்டார். ஆங்கிலப் பெயர் ஜப்பானிய மேலாடை உடுத்திக்கொண்டது. இதற்கு நேர் எதிராக, ஜப்பானியப் பெயர் ஒன்று ஆங்கிலம் உடுத்திக்கொண்ட கதையும் உண்டு. குருமே நகரத்தின் இஷிபாஷி ஷோஜிரோ 1931-இல் டயர் நிறுவனம் தொடங்கினார். இஷி என்றால் கல், பாஷி என்றால் பாலம். கல்லையும் பாலத்தையும் ஆங்கிலமாக்கி, முன்பின்னாகத் திருப்பிப் போட்டார். பிரிட்ஜ்ஸ்டோன் பிறந்தது. அது அவருடைய பெயர், அவரே செய்த மாற்றம். அந்த உரிமை அவருக்கு உண்டு.

எழுத்துக்கூட்டலும் இதே கதைதான். ‘ஓனோ’ என்று நெடிலாகச் சொன்னால் பெரிய வயல், ‘ஒனோ’ என்று குறிலாகச் சொன்னால் சிறிய வயல். இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். தமிழ்க் காதுக்குக் குறிலும் நெடிலும் ஒன்றாகுமா? ஆனால் நெடில் குறிக்கும் மேற்கோட்டை ஆங்கில அச்சு விட்டுவிடுகிறது. பெரிய வயலும் சிறிய வயலும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால்தான் சிலர் நடுவில் ஒரு ‘எச்’ எழுத்தைச் செருகி நெடிலைக் காப்பாற்றுகிறார்கள். பேஸ்பால் வீரர் ஓட்டானியின் சட்டையில் அந்த எழுத்து இருக்கிறதே, அது வெறும் அலங்காரத்துக்காக வந்ததில்லை. கணித மேதை இட்டோ தன் பெயரின் கடைசி எழுத்துமேல் கூரைபோல் ஒரு குறி வைத்தே எழுதிவந்தார். பங்குச் சந்தைக் கணக்கு படிக்கும் மாணவர்கள் இன்று உலகெங்கும் ‘இட்டோவின் துணைத்தேற்றம்’ படிக்கிறார்கள். அந்தக் கூரையை வைத்து எழுதுபவர் எத்தனை பேர்?

இப்போது மருத்துவமனைக்குள் போவோம். தைராய்டுச் சிக்கலோடு நம் ஊர் மருத்துவரிடம் போகும் பெண்கள் பலர் கேட்டுவரும் சொல் ஒன்று உண்டு: ஹஷிமோட்டோ. ஆங்கிலத்தில் நோயாளிகளே சொல்வார்கள்: ‘ஐ ஹேவ் ஹஷிமோட்டோஸ்.’ ஹஷிமோட்டோவின் நோய் என்ற தொடரில் நோய் என்ற சொல் உதிர்ந்துபோய், வேற்றுமை விகுதியோடு பெயர் மட்டும் நிற்கிறது. யார் இந்த ஹஷிமோட்டோ?

ஹஷிமோட்டோ ஹகாரு 1881-இல் இகா பகுதியில், மருத்துவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஃபுகுவோகாவில் மருத்துவம் படித்தார். நான்கு பெண்களின் கழுத்திலிருந்து அறுவை செய்து எடுத்த தைராய்டுத் திசுக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதுவரை யாரும் விவரிக்காத மாற்றம் ஒன்று அதில் தெரிந்தது. 1912-இல் ஜெர்மன் மருத்துவ இதழில் எழுதினார். ஜெர்மனிக்கே போய்ப் படித்தார். முதல் உலகப் போர் மூண்டது, ஊர் திரும்பினார். இகாவில் ஊர் மக்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவராகவே வாழ்ந்தார். 1934-இல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். அவருடைய கண்டுபிடிப்பு தனியான நோய்தானா என்று அப்போதும் மேலை நாட்டார் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் இறந்த பிறகுதான் ஆங்கில மருத்துவ நூல்களில் அவர் பெயர் நிலைத்தது. அது உடலே தன்னைத் தாக்கிக்கொள்ளும் நோய் என்று 1956-இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்று உலகத்தின் எல்லா மூலைகளிலும் நாள்தோறும் சொல்லப்படும் அந்தப் பெயர், ஒரு சிற்றூர் மருத்துவரின் குடும்பப் பெயர். அதைச் சொல்லும்போது ஒரு கணமாவது அவரை நினைக்கக் கூடாதா?

கவாசாகி நோயும் அப்படித்தான். ஆங்கிலத்தில் படிப்பவர் கவாசாகி நகரத்தில் வந்த நோய் என்று எண்ணக்கூடும். பைக்கை நினைப்பவரும் உண்டு. அது கவாசாகி டொமிசாகு என்ற குழந்தை மருத்துவரின் பெயர். 1961-இல் டோக்கியோவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அவர் அந்த நோயைப் பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்து வைத்து, 50 குழந்தைகளின் விவரத்தோடு 1967-இல் ஜப்பானிய மொழியில் எழுதினார். 1974-இல்தான் ஆங்கிலத்தில் வந்தது.

கண் மருத்துவர் புள்ளிகள் நிறைந்த வண்ணத் தட்டுகளைக் காட்டி எண்ணைச் சொல்லச் சொல்கிறாரே, அது இஷிஹாரா ஷினோபுவின் சோதனை. டொர்னாடோ சுழல்காற்றை 2007 வரை அமெரிக்காவில் ‘எஃப்-5’ என்றார்களே, அந்த எஃப் எழுத்து சிகாகோவில் பணியாற்றிய ஃபுஜிடா டெட்சுயாவின் குடும்பப் பெயர். 1971-இல் அவர் அமைத்த அளவுகோலில் அவருடைய முழுப் பெயரும் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது.

சீதபேதிக் கிருமிக்கு ஷிகெல்லா என்று பெயர். ஷிகா கியோஷி அதை 1897-இல் கண்டுபிடித்தார். அவர் பிறந்தபோது ஷிகா அல்லர், சாட்டோ. தாய்வழிக் குடும்பத்தில் வளர்ந்ததால் அந்தக் குடும்பத்தின் பெயரை ஏற்றார். அணுக்கருவைப் பிணைக்கும் விசையை 1935-இல் விளக்கி, ஜப்பானின் முதல் நோபல் பரிசை 1949-இல் பெற்ற யுகாவா ஹிதெகியும் பிறப்பால் ஒகாவா. 1932-இல் திருமணம் செய்துகொண்டபோது மனைவியின் குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டார். ஆக, ‘யுகாவா பொட்டென்ஷியல்’ என்று இயற்பியல் மாணவர் எழுதும்போது, அவர் எழுதுவது ஒரு பெண்ணின் குடும்பப் பெயரை!

ஆனால் யுகாவாவைப் போல மனைவியின் பெயரை ஏற்கும் ஆண்கள் மிகக் குறைவு. ஜப்பானின் குடிமைச் சட்டம், 750-ஆம் பிரிவு, கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. எவர் பெயர் என்று சட்டம் சொல்லவில்லை. நடைமுறையில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட தம்பதிகளில் பெயரை மாற்றிக்கொள்பவர் பெண்தான். இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் ஆய்வாளர் பத்தாண்டுகளாக ஒரு பெயரில் ஆங்கிலக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரைகளில் அவரை அடையாளம் காட்டுவது குடும்பப் பெயர்தான். திருமணமாகிறது. கடவுச்சீட்டில் வேறு பெயர். மாநாட்டுக்குப் போனால் அழைப்பிதழில் ஒரு பெயர், விடுதியில் இன்னொரு பெயர். எழுதியவர் நீங்கள்தானா என்று கேட்கும் நிலை. ஆண் ஆய்வாளருக்கு இந்தக் கேள்வி வருமா?

பெண்கள் நீதிமன்றம் போனார்கள். 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அந்த அமர்விலிருந்த மூன்று பெண் நீதிபதிகளும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார்கள். 2021-இலும் நீதிமன்றம் தன் நிலையை மாற்றவில்லை. 2024 ஜூனில் பெருந்தொழில்களின் கூட்டமைப்பான கெய்தான்ரென் அமைப்பே, விரும்புகிறவர்கள் தம் பெயரை வைத்துக்கொள்ள வழிசெய்யுங்கள் என்று அரசைக் கேட்டது. வெளிநாடுகளில் பெண் அதிகாரிகள் படும் சிரமத்தை அது காரணமாகச் சொன்னது. பெயருக்கு உரியவரே பெயரைத் தீர்மானிக்க வேண்டும் என்று நான் தொடக்கத்தில் சொன்னேன். அதை ஆங்கிலத்திடம் மட்டும் கேட்டால் போதாது. தன் சொந்த நாட்டின் சட்டத்திடமும் கேட்கத்தான் வேண்டும்.

நண்பர்களே, மரியாதையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. அடைமொழி எதுவும் சேர்க்காமல் வெறும் குடும்பப் பெயர் சொல்லி அழைப்பதை ஜப்பானியர் யொபிசுதே என்பார்கள். நெருக்கமானவரிடம் செல்லும், அந்நியரிடம் அது அவமதிப்பு. ஆங்கிலச் செய்தியோ ‘தனாகா செட்’ என்று போகிறபோக்கில் எழுதும். தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தனாகா சொன்னார் என்று எழுதினால், பெயரில் இல்லாத மரியாதையை வினைச்சொல் கொண்டுவந்துவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்தக் குணம் இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் மடல் எழுதும்போது ‘மிஸ்டர்’ என்றோ ‘சான்’ என்றோ சேர்ப்பது நல்லது. ஆனால் ‘சான்’ பிறருக்குத்தான். தன் பெயரோடு யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

இதெல்லாம் எங்கோ இருக்கும் ஜப்பானியர் பாடு என்று நாம் நகர்ந்துவிட முடியுமா? ஆங்கிலப் படிவத்தில் ‘சர்நேம்’ என்ற கட்டத்துக்கு முன்னால் நின்று தடுமாறாத தமிழர் உண்டா? நமக்கு இருப்பது ஒரு பெயரும் தந்தையின் தலைப்பெழுத்தும். அந்தக் கட்டத்தில் தந்தை பெயரை எழுதினால், வெளிநாட்டில் எல்லோரும் நம்மை அப்பா பெயர் சொல்லி அழைக்கிறார்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால், அமெரிக்க ஆவணங்களில் முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் மூன்றெழுத்து வந்து ஒட்டிக்கொள்கிறது. பெயர் இருந்தும் பெயர் தெரியாதவர் ஆகிவிடுகிறோம்! அந்த வலி நமக்குத் தெரியும். தெரிந்த நாமே, பிறர் பெயரை எழுதும்போது அலட்சியமாக இருக்கலாமா?

ஆகவே, எழுதுகிறவர்களுக்கும், மொழிபெயர்க்கிறவர்களுக்கும், அலுவலகத்தில் உட்கார்ந்து மின்னஞ்சல் அனுப்புகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஜப்பானியர் ஒருவரின் பெயர் உங்கள் வாக்கியத்துக்குள் வரும்போது, எது குடும்பப் பெயர் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள், கேட்பதில் குறைவில்லை. அவர் எந்த வரிசையில் எழுதுகிறாரோ அந்த வரிசையில் எழுதுங்கள். அவர் போட்ட கோட்டையும் கூரையையும் நீக்காதீர்கள். அவர் எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறாரோ அந்தப் பெயரால் அழையுங்கள். ஒரு நோய்க்கும் தேற்றத்துக்கும் வண்டிக்கும் பின்னால் ஒரு மனிதர் இருந்தால், வகுப்பில் பாடம் நடத்தும்போது ஒரு வரியாவது அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒன்று சொல்வேன். நாளை நீங்கள் உலகமெங்கும் போவீர்கள். எத்தனையோ நாட்டவரோடு வேலை செய்வீர்கள். அவர்கள் பெயரை அவர்கள் சொல்வதுபோல் சொல்லப் பழகுங்கள். உங்கள் பெயரையும் நீங்கள் சொல்வதுபோலவே சொல்ல வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். கோனோ தாரோ ஒரு நாட்டின் சார்பில் கேட்டார். நீங்கள் உங்கள் சார்பில் கேளுங்கள். பிறருக்குக் கொடுத்துவிட்டுக் கேட்கும் மரியாதையை யாரும் மறுக்க முடியாது.